பெயர்த்து நட முடியாத செடி

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் நெவாடா மாநிலப் பாலைநிலத்து மஞ்சள் பூச்செடியைப் பற்றித் தாங்கள் எழுதியதைப் படித்தேன். பெட்ரோல் புகை குறைய மின்வாகனங்கள் வேண்டும், அவற்றுக்கு லித்தியம் வேண்டும். வெறும் 10 ஏக்கரில் நிற்கும் ஒரு செடிக்காக, அங்கே வரவிருக்கும் லித்தியச் சுரங்கத்தை எதிர்ப்பது சரிதானா? செடிகளை வேறிடத்தில் பெயர்த்து நட்டால் போதாதா?

தங்கள் வாசகன்,
க.

அன்புள்ள க.,

தங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

1983-ல் அர்னால்ட் டீம் என்ற தாவரவியலாளர் சில்வர் பீக் மலைத்தொடரில், ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் இச்செடியைக் கண்டார். 1985-ல் அவர் பெயராலேயே அது 'எரியோகோனம் டீமியை' என்று அழைக்கப்பட்டது. நீலம் பாய்ந்த சாம்பல்நிற இலைகள் தரையோடு மெத்தைபோல் படர்ந்திருக்க, இலையற்ற மெல்லிய தண்டுகள் மேலெழுந்து, ஒவ்வொன்றும் உச்சியில் இளமஞ்சள் பூப்பந்து ஒன்றைத் தாங்கி நிற்கும். அந்தப் பூக்கள் காயும்போது செம்மை படரும்.

அது நிற்கும் வெளிறிய களிமண்ணில் போரானும் லித்தியமும் மிகுதி. பிற செடிகள் பெரும்பாலும் ஒதுங்கிவிடும் அந்த மண்ணில் வாழ இது பழகிக்கொண்டது; ஆஸ்திரேலிய நிறுவனமான அயனியர் தோண்ட விரும்புவதும் அந்த இரண்டு தனிமங்களுக்காகத்தான். ஆகவே, பெயர்த்து நடுவதென்றால் இதே போன்ற இன்னொரு மண்ணைத் தேட வேண்டும். பசுமைக்குடிலில் வளர்த்த நாற்றுகளைக் களத்தில் நட்டுப் பார்த்தார்கள். கொறிவிலங்குகள் அவற்றில் பெரும்பாலானவற்றைத் தின்றுவிட்டன. 2020-ல் இயற்கையாக வளர்ந்த செடிகளிலேயே 17,000-க்கும் மேற்பட்டவை தோண்டி அழிக்கப்பட்டன. மனிதர்கள் மீது எழுந்த சந்தேகத்தை மரபணுச் சோதனை தரை அணில்களின் பக்கம் திருப்பியது. வறட்சியில் அவை ஆணிவேரின் ஈரத்தைத் தேடி வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. ஒரே இடத்தில் ஒடுங்கிய உயிரினத்துக்கு ஒரு கோடையே இவ்வளவு சேதம் செய்ய முடிகிறது.

2022 டிசம்பரில் அமெரிக்க அரசு இதை அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவித்து, 910 ஏக்கரை அதன் இன்றியமையாத வாழிடமாக வரையறுத்தது. 10 ஏக்கர் செடிக்கு 910 ஏக்கரா என்று தாங்கள் கேட்கலாம். பூக்களுக்கு வரும் தேனீக்களும் குளவிகளும் வண்டுகளும் ஈக்களும் செடியின் மேலேயே குடியிருப்பதில்லை. அவை கூடு கட்டவும் இரை தேடவும் சுற்றுநிலம் வேண்டும் என்பதால், செடித்திட்டுகளைச் சுற்றி 500 மீட்டர் வரை சேர்த்துக்கொண்டார்கள். 2024 அக்டோபரில் அனுமதி பெற்ற சுரங்கத் திட்டம் இந்த வாழிடத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தொடுகிறது. செடிகளுக்கு வேலி போடுவோம் என்ற நிறுவனத்தின் வாக்குறுதியை நான் போதுமானதாகக் கருதாததற்கு இதுவே காரணம். வேலிக்குள் விதை பிடிக்க வேலிக்கு வெளியிலிருந்து பூச்சிகள் வர வேண்டும்.

முதல் கேள்விக்கு வருகிறேன். லித்தியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதே மலைத்தொடருக்குக் கிழக்கே, கிளேட்டன் பள்ளத்தாக்கில் 1960-களிலிருந்தே நிலத்தடி உப்புநீரிலிருந்து லித்தியம் எடுத்துவருகிறார்கள்; நெவாடாவின் வடக்கே தாக்கர் பாஸிலும் பெரிய படிவம் உண்டு. இந்தச் செடியோ அந்த 10 ஏக்கரில் அல்லாமல் வேறெங்கும் இயற்கையாக வளர்வதாக இதுவரை கண்டறியப்படவில்லை.

அன்புடன்.