இசை நூலகர் ஆவது எப்படி? வீட்டுப் பெட்டியில் இருக்கும் 40 தட்டுகளில் தொடங்குங்கள்

கேள்வி: பி.ஏ. இசை முடித்திருக்கிறேன். மேடையைவிட இசைத்தட்டுகளும் பழைய நூல்களும்தான் எனக்குப் பிடிக்கின்றன. இசை நூலகராக வேண்டுமென்றால் நூலக அறிவியல் படித்தே ஆக வேண்டுமா? தாத்தா விட்டுப்போன 40 கிராமபோன் தட்டுகளும் ஒரு பெட்டி கேசட்டும் வீட்டில் இருக்கின்றன. அவற்றை வைத்துப் பழகலாமா? – வாசகி, திருச்சி

பதில்: படித்தே ஆக வேண்டும். பட்டப்படிப்புக்குப் பின் ஓராண்டு பி.எல்.ஐ.எஸ். (நூலக அறிவியல் இளநிலை), அதன்மேல் எம்.எல்.ஐ.எஸ். (முதுநிலை). வேலை பார்த்துக்கொண்டே படிக்க இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் உதவி நூலகர் பணி என்றால், முதுகலையில் 55 சதவீத மதிப்பெண்ணோடு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) தேர்ச்சியும் கேட்பார்கள். ‘இசை நூலகர்’ என்ற பெயரிலேயே விளம்பரம் வருவது அபூர்வம். அந்த வேலை வேறு பெயர்களில் இருக்கிறது: இசைக் கல்லூரி நூலகங்கள், வானொலியின் ஒலிக் காப்பகம், சென்னை ரோஜா முத்தையா போன்ற ஆராய்ச்சி நூலகங்கள், தனியார் சேகரிப்புகளை டிஜிட்டலாக்கும் ஒப்பந்தப் பணிகள். விண்ணப்பிக்கும்போது சான்றிதழ் உங்களை வாசல்வரை கொண்டுவிடும். உள்ளே போவதற்கு, நீங்களே போட்ட ஓர் அட்டவணையைக் காட்டுங்கள். 40 தட்டு என்றால் 80 பக்கம். கேசட்டிலிருந்து 20 உருப்படி சேர்த்தால் நூறாகிவிடும். பழக அது போதும்.

இசை நூலகத்தில் கடினமான வேலை ‘இது எது?’ என்று நிச்சயிப்பதுதான். புத்தகத்துக்குத் தலைப்புப் பக்கம் உண்டு, பாட்டுக்கு அது கிடையாது. ‘மரிவேரே’ என்று மட்டும் லேபிளில் இருந்தால், அது சியாமா சாஸ்திரியின் ஆனந்தபைரவி ராகப் பாட்டாகவும் இருக்கலாம், பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் ஷண்முகப்ரியா ராகப் பாட்டாகவும் இருக்கலாம். கேட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நீங்கள் இசை படித்தது இங்கேதான் கைகொடுக்கும். அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் முதல் அடி, ராகம், தாளம், இயற்றியவர், மொழி, வகை (கிருதி, பதம், ஜாவளி, விருத்தம்) ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டங்களில் எழுதுங்கள். பாடியவர், பக்கவாத்தியம், நேரம், தட்டின் நிலை ஆகியவற்றுக்கும் கட்டம் வேண்டும்.

லேபிளில் அச்சானதை எழுத்துப் பிழையோடு அப்படியே ஒரு கட்டத்தில் படியெடுங்கள். நீங்கள் கண்டுபிடித்த ராகம் வேறு கட்டத்தில் போகட்டும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் லேபிளின் தவறைத் திருத்தி எழுதிவிட்டு, மூலத்தைத் தொலைத்துவிடுகிறார்கள். திருத்தியவர் சொன்னதே தவறென்றால், பிறகு அதைச் சரிபார்க்க வழியே இல்லை.

தோடி அல்லது ஹனுமத்தோடி, கமாஸ் அல்லது கமாஜ். ஒரே ராகத்துக்கு இப்படி வரும் பெயர்களில் ஒன்றை முதன்மை வடிவமாக முடிவு செய்து, மற்றவற்றிலிருந்து அதற்கு வழிகாட்டி வையுங்கள். பாடகர் பெயருக்கும் இதே முறைதான். ‘மிஸ்’, ‘ஸ்ரீமதி’, ஊர்ப்பெயர், முதலெழுத்து எல்லாம் தட்டுக்குத் தட்டு மாறும். தெலுங்கு எழுத்தையும் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்திலிருந்து 1904-இல் வெளியிட்ட பெரும் சுரக்குறிப்புத் தொகுப்பு தெலுங்கு எழுத்தில்தான் அச்சானது. சரிபார்க்க அதுபோன்ற மூலங்களுக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கும்.

தட்டில் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று லேபிளில் இருக்கும் விற்பனை எண். மற்றது மேட்ரிக்ஸ் எண், அதாவது அந்த ஒலிப்பதிவுக்கே தரப்பட்ட எண். பெரும்பாலும் ஊசி ஓடும் வரிகள் முடிந்து லேபிள் தொடங்கும் வழவழப்பான வளையத்தில் பொறித்திருப்பார்கள். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். லேபிளின் நிறமும் விற்பனை எண்ணும் மாறியிருந்தாலும் மேட்ரிக்ஸ் எண் ஒன்றேயானால் பெரும்பாலும் அது அதே ஒலிப்பதிவு. ஒரே பாடகர் அதே பாட்டை மறுபடி பாடிப் பதிந்திருந்தால் பெரும்பாலும் இந்த எண் மாறிவிடும். நூலகங்கள் பரவலாகப் பயன்படுத்தும் கோஹா மென்பொருளில், அட்டவணைப் பதிவுகளுக்கான மார்க் 21 முறைப்படி, ஒவ்வொரு தகவலுக்கும் எண்ணிட்ட கட்டம் உண்டு. தட்டின் இரண்டு எண்களும் 028-இல் வரும். நிகழ்த்தியவர்கள் 511-இல், பதிந்த நாளும் இடமும் 518-இல், சீர்ப்படுத்திய தலைப்பு (ஒரே படைப்புக்கு வரும் பல பெயர்களுக்கும் பொதுவான தலைப்பு) 240-இல். இந்த நான்கு கட்டங்களும் கைவந்தாலே நேர்காணலில் தயக்கமில்லாமல் பேசலாம்.

தட்டுகளைப் பாடகர்வாரியாக அடுக்க வேண்டாம். ஒரு தட்டின் இரு பக்கத்திலும் வெவ்வேறு பாடகர்கள் பாடியிருந்தால் எங்கே வைப்பீர்கள்? அளவுவாரியாகப் பிரித்து, சேர்க்கை எண் (தட்டு சேர்ந்த வரிசையில் நீங்கள் தரும் எண்) வரிசையில் நிமிர்த்தி வையுங்கள். படுக்கவைத்து அடுக்கினால் அடியில் இருப்பது வளையும், விரியும். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டு அரக்கில் செய்தது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் கிட்டே போகக்கூடாது. மென்மையான தூரிகையால் தூசியைத் தள்ளிவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் நனைத்த துணியால் வரியோடு வரியாகத் துடைத்து, உடனே ஒற்றி எடுங்கள். லேபிள் நனையக்கூடாது.

சாவி கொடுக்கும் கிராமபோனில் போட்டுக் கேட்காதீர்கள். எஃகு ஊசியும் அதன் கனமும் வரியைத் தேய்த்துவிடும். மின்சார டர்ன்டேபிளில் சுமார் 3 மில் (76 மைக்ரான்) ஊசி வேண்டும். எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் பிந்தைய தட்டு) ஊசி இதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். அது வரியின் அடியில் போய் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும். ‘78’ என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஆரம்பகாலத் தட்டுகள் வெவ்வேறு வேகத்தில் பதிவானவை. நிமிடத்துக்கு நான்கைந்து சுற்று கூடினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். பின்னால் ஆர்மோனியம் கேட்கிறதா என்று பாருங்கள். அதன் சுருதி எந்தக் கட்டையிலும் சேராமல் நடுவில் நின்றால் வேகத்தைச் சந்தேகிக்கலாம்.

கேசட்டுக்கு முதல் வேலை, முதுகுப்புறம் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுவது. கை தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பாட்டு அழியாது. பூஞ்சை படிந்த கேசட்டைப் போடவே வேண்டாம். நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். ஒரு மணி நேரக் கேசட்டை மாற்றி, கேட்டு, குறிப்பெழுத மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

டிஜிட்டலாக்கும்போது மூலக்கோப்பு 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் (WAV) வடிவில் இருக்கட்டும். இரைச்சல் நீக்குவது, ஒலியைச் சீராக்குவதெல்லாம் பிரதியில்தான். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரம் சுமார் 2 ஜி.பி. வரும். எம்.பி.3 மட்டும் வைத்துக்கொள்வது சேமிப்பு ஆகாது. மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு வீட்டிலோ வேறு ஊரிலோ. கோப்பின் பெயரில் சேர்க்கை எண்ணும் பக்கமும் போதும். ராகத்தையோ பாடகரையோ பெயரில் சேர்த்தால், பின்னால் ராகம் திருத்தப்படும்போது பெயரை மாற்ற வேண்டிவரும், அட்டவணையின் இணைப்பு அறுந்துபோகும்.

இணையத்தில் ஏற்றுவதற்கு முன் ஆண்டைப் பாருங்கள். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1960-இல் வெளிவந்த தட்டுக்கு 2020 முடிவோடு தீர்ந்தது. பாட்டை இயற்றியவரின் உரிமை தனி, அவர் காலமான பிறகும் 60 ஆண்டு நீடிக்கும். லாப நோக்கில்லாத பொது நூலகம், தன்னிடம் இருக்கும் தட்டைப் பாதுகாப்புக்காக மின்னணு வடிவில் சேமிக்க 2012 திருத்தம் இடம் தருகிறது. அது ஊருக்கெல்லாம் ஒலிபரப்பும் அனுமதி அல்ல. கச்சேரியில் யாரோ பதிந்த கேசட்டில், நிகழ்த்தியவருக்கு 50 ஆண்டு உரிமை உண்டு. தாத்தாவின் கேசட்டுகளில் எந்தச் சபா, எந்த நாள், யார் பதிந்தது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாளை அனுமதி வாங்க வேண்டிவந்தால் எந்தக் குடும்பத்தைத் தேடிப்போவது என்று அந்தக் குறிப்பிலிருந்துதான் தெரியவரும்.