வெறி முறிந்த பிறகு

அன்புள்ள ஐயா,

என்ர தாய்மாமன் போன வைகாசியில செத்துப்போனார். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு நேந்து, முப்பது வருசக் குடியை ஒரே நாளில விட்டவர். ரெண்டாம் நாள் கைகால் நடுங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனம். "வெறி முறிஞ்சாப் பிறகு கொண்டுவாங்கோ" எண்டு திருப்பி விட்டினம். அடுத்த நாள் சுவரில பூச்சி ஊருது எண்டு கத்தினார், இரவு முடிஞ்சுது. முந்தி கிளினிக் கொப்பி போட்டவர். ரெண்டு தவணை போகேல்லை, பிறகு ஒருத்தரும் கேக்கேல்லை. லண்டனில தாதியா இருக்கிற அக்கா, அங்கை இப்பிடிச் செத்தால் மீளாய்வு செய்து அறிக்கை போடுவினம் எண்டு சொல்லுறா. செத்த பிறகு எழுதி என்ன பிரயோசனம்?

ச., புதுக்குடியிருப்பு

அன்புள்ள தம்பி,

வெறி, அதாவது குடிபோதை, முறியட்டும் என்று சொன்ன அன்று மாமாவிடம் வெறியே இருக்கவில்லை. நாட்பட்ட குடியைச் சட்டென்று விட்டால் ஒரு நாளுக்குள் நடுக்கம், இரண்டு நாளுக்குள் வலிப்பு, இரண்டு மூன்று நாளில் இல்லாததைக் கண்டு பிதற்றல் வரலாம், உயிரும் போகலாம். வார்ட்டில் வைத்துக் கொடுக்க மருந்து உண்டு, பி1 உயிர்ச்சத்து ஊசி உண்டு. ஊரில் இந்த நிலையைப் பேய் என்பார்கள். உங்களுக்கு ஆஸ்பத்திரி வாசலில் வெறி என்றிருக்கிறார்கள்.

அக்கா கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டார். எல்லாச் சாவுக்கும் அங்கே மீளாய்வு இல்லை. இங்கிலாந்தின் 2014 பராமரிப்புச் சட்டத்தில் 44ஆம் பிரிவு இருக்கிறது: பராமரிப்புத் தேவையுள்ள ஒருவர் கொடுமையாலோ கவனிப்பாரற்றோ இறந்து, அமைப்புகள் சேர்ந்து இன்னும் நன்றாக இயங்கியிருக்கலாம் என்று பட்டால் ஆராய வேண்டும். குடியில் தன்னைத்தானே கைவிட்டவர்களும் அதற்குள் வருவதுண்டு. யார் குற்றவாளி என்று அது தேடுவதில்லை. அந்த அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருவது உங்கள் மாமா கதைதான்: "அது அவர் விருப்பம்" என்று விட்டது, தவணைக்கு வராததால் கோப்பை மூடியது. வராமல் விட்டதே நோய் முற்றியதன் அடையாளம். நெஞ்சு நோயாளி வராவிட்டால் பதறுகிறோம். குடிகாரன் வராவிட்டால் வரிசை குறைந்தது என்று நினைக்கிறோம்.

இது வெள்ளைக்காரருக்கு மட்டும் தெரிந்த வித்தையும் இல்லை. நம் நாட்டில் பிள்ளைப்பேற்றில் ஒரு தாய் இறந்தால், ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனியாக ஆராய்கிறார்கள். வீட்டில் எப்போது தெரிந்தது, வாகனம் எப்போது கிடைத்தது, ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரம் போனது என்று தாமதத்தைத் தேடுவார்கள். ஏன் பிள்ளை பெற்றாய் என்று யாரும் கேட்பதில்லை. கசிப்புக் குடித்தவன் செத்தால் மட்டும் ஏன் குடித்தான் என்பதோடு கதை முடிகிறது.

மாமாவுக்குப் பிரயோசனமில்லை, உண்மைதான். ஆனால் அடுத்த வைகாசியிலும் உங்கள் ஒழுங்கையில் யாராவது நேர்வார்கள். நேர்த்தியைத் தடுக்க வேண்டாம்; குடியை விடுவதற்கு முதல் நாள் டொக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

எந்த நாள், எத்தனை மணி, வாசலில் என்ன சொன்னார்கள் என்று நினைவிருக்கும்போதே எழுதி, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு அனுப்புங்கள். ஆளின் பெயரைச் சொல்லிப் பழி போடாமல் ஒன்றை மட்டும் கேளுங்கள்: இரண்டு தவணை வராதவரைத் தேடிப் போக வேண்டியவர் யார்?

கிளினிக் கொப்பியை எறிந்துவிடவில்லையே?