செப்புத் தகட்டில் துரு வழியும் திருகுகள்

கேள்வி: முகப்புச் சுவருக்கு மரம் போல ஓர் உலோகச் சிற்பம் செய்து மாட்டியிருக்கிறோம். இரும்புச் சட்டம், அதன்மேல் செப்புத் தகடு, அதற்குக் கீழே அலுமினிய இலைகள். தகட்டை ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) திருகு போட்டு முடுக்கினோம். ஒரு மழைக்காலம் தாண்டியதும் திருகுகளில் துரு வழிகிறது. இலைகளில் வெள்ளைப் பொடியும் சின்னக் குழிகளும். திருகுத் தலைகளுக்கு பெயின்ட் அடித்தால் நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. பெயின்டில் ஊசிமுனை அளவு கீறல் விழுந்தாலும் அந்த இடம் முன்பைவிட வேகமாக அரிக்கும்.

இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டு, மேலே ஈரமும் படிந்தால் அது பேட்டரிதான். அதில் செம்பு தப்பிக்கும். துத்தநாகமும் இரும்பும் கரையும். கரைகிற உலோகம் எவ்வளவு சிறியதோ, அதற்கு அவ்வளவு ஆபத்து. உங்கள் சிற்பத்தில் அகலமான தகடு உண்டாக்கும் அரிப்பு முழுவதும் குட்டித் திருகின் தலையில் விழுகிறது. அதனால் பெயின்ட் அடிப்பதானால் செம்புக்கு அடியுங்கள். பின்பக்கம் எபாக்ஸி பெயின்ட், நிறம் தெரியவேண்டிய முன்பக்கம் நிறமற்ற லாக்கர் (வார்னிஷ் போன்ற பூச்சு). லாக்கரை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும், அந்த வேலை உண்டு.

திருகுகளைக் கழற்றிவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் போடுங்கள். கடற்காற்று படுகிற இடமென்றால் 304 ரக ஸ்டீல் பழுப்பேறும், 316 ரகம் வாங்குங்கள். நைலான் வாஷர் மட்டும் போட்டுத் திருப்திப்படுகிறவர்கள் அதிகம். போல்டின் உடம்பு துளையின் விளிம்பைத் தொட்டால் வாஷர் வீண். துளைக்குள்ளும் நைலான் குழாய் வேண்டும். சட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவே ரப்பர் பட்டை வையுங்கள். முடுக்கியபின், இணைப்பு இருந்தால் 'பீப்' ஒலிக்கும் நிலையில் வைத்த மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தகட்டிலும் மறுமுனையைச் சட்டத்திலும் வையுங்கள். 'பீப்' கேட்டால் எங்கோ தொடுகிறது என்று அர்த்தம்.

நீர் உறிஞ்சுகிற எதையும் நடுவே வைக்காதீர்கள். 1886-இல் திறந்த நியூயார்க் சுதந்திர தேவி சிலையில் செப்புத் தோலுக்கும் இரும்புப் பட்டைகளுக்கும் இடையே ஷெல்லாக்கில் (அரக்குப் பூச்சு) நனைத்த கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) வைத்தார்கள். நாளடைவில் அது ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டது. துரு உப்பி ரிவெட்டுகளையே பிடுங்கித் தள்ளியது. 1980-களில் பழுதுபார்த்தபோது அந்தப் பட்டைகளைக் கழற்றி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டைகளைப் பொருத்தினார்கள், இடையே டெஃப்லான்.

சரி, இலைகள்? அவை செம்பைத் தொடவே இல்லை என்பீர்கள். தொட வேண்டாம், மழைநீர் போதும். தகட்டில் வழிகிற நீர் துளித்துளியாகச் செம்பைக் கரைத்து வந்து அலுமினியத்தில் படியவைக்கிறது. படிந்த ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டி பேட்டரி. இதற்கு வாஷர் உதவாது. அலுமினியம் மேலே, செம்பு கீழே என்று மாற்றுங்கள். வடிவம் இடம்கொடுக்காவிட்டால் இலைகளை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வெட்டிக்கொள்ளலாம், அல்லது தகட்டின் கீழ்விளிம்பை முன்னால் மடித்து, நீர் இலைமேல் விழாமல் வெளியே சொட்டும்படி செய்யலாம்.

பழைய இலைகளையே மேலே மாட்டுவதானால் படிந்த செம்பை நைலான் பிரஷால் நன்றாகத் தேய்த்து எடுங்கள். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம், அதன் துகள் ஒட்டிக்கொண்டால் அப்புறம் அதற்கும் ஒரு கேள்வி அனுப்ப வேண்டியிருக்கும்.