மூன்று வாரமாக அதே 90 சதவீதம்

கேள்வி: ஓசூரிலிருந்து தினமும் எலக்ட்ரானிக் சிட்டி போய் வருகிறேன். டீம் லீடாக இருந்தவனை நான்கு மாதம் முன்பு ப்ராஜெக்ட் மேனேஜர் ஆக்கினார்கள். '90 சதவீதம் முடிந்தது' என்று டீம் மூன்று வாரமாகச் சொல்கிறது. கிளையன்ட்டுக்கு என்ன தேதி சொல்வது? இன்னும் இரண்டு பேரைக் கேட்டு வாங்கலாமா?
- ஓசூர் வாசகர்

பதில்: சதவீதம் கேட்பதை முதலில் நிறுத்துங்கள். புரோகிராம் (code) எழுதி முடித்ததைத்தான் டெவலப்பர் 90 என்கிறார். ரிவ்யூ, டெஸ்டிங், பக் (பிழை) திருத்தம், கிளையன்ட் ஒப்புதல் எதுவும் அவர் கணக்கில் கிடையாது. பாலக்கோடு மண்டியில் தக்காளி எத்தனை சதவீதம் வந்தது என்று யாரும் கேட்பதில்லை; எத்தனை பெட்டி என்றுதான் கேட்பார்கள்.

வேலையை இரண்டு மூன்று நாளில் முடியக்கூடிய துண்டுகளாகப் பிரியுங்கள். டெஸ்டிங்கில் தேறினால் ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம். பாதி, முக்கால் என்று எதுவும் வேண்டாம். 40 துண்டில் 22 தேறியிருந்தால் 55 சதவீதம். கசக்கத்தான் செய்யும்; ஆனாலும் கிளையன்ட்டுக்குப் போக வேண்டியது அந்த 55தான்.

தேதியும் இதிலிருந்தே வரும். கடந்த நான்கு வாரத்தில் 3, 4, 2, 3 என்று தேறியிருந்தால் வாரச் சராசரி 3. மீதி 18 துண்டுக்கு ஆறு வாரம். மோசமான வாரத்தின் வேகத்தில் போனால் ஒன்பது வாரம். இரண்டையும் சொல்லி, வாராவாரம் திருத்திக் கொடுங்கள். ஒற்றைத் தேதி கொடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஆள் கேட்கும் முன், மீதி 18ம் எங்கே நிற்கின்றன என்று எண்ணுங்கள். ஒன்பது துண்டு டெஸ்டிங் வரிசையில் காத்திருந்தால், புது டெவலப்பர் வந்து அந்த வரிசையைத்தான் நீளமாக்குவார். உங்களுக்குத் தேவை ஒரு டெஸ்டர். வேறு டீமின் ஏபிஐக்கோ (இரண்டு மென்பொருள்களை இணைக்கும் வழி) சர்வர் அனுமதிக்கோ காத்திருந்தால் ஆளே வேண்டாம். யார், எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்று எழுதி உங்கள் மேலாளரிடம் கொண்டுபோங்கள். இன்னொன்று: ஆறு பேருக்குள் பேச்சுத் தொடர்பு 15 ஜோடி, எட்டுப் பேரானால் 28. புதியவருக்குக் கற்றுக்கொடுக்க உட்காருபவரும் பெரும்பாலும் உங்கள் கெட்டிக்கார டெவலப்பராகத்தான் இருப்பார்.

கேள்வி: பி.இ. முடித்து ஐந்து வருடமாக டெஸ்டிங்கில் இருக்கிறேன். பி.எம்.பி. (ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் ப்ரொஃபஷனல்) சான்றிதழ் வாங்கினால் மேனேஜர் ஆகலாமா?
- தருமபுரி வாசகி

பதில்: நான்கு ஆண்டுப் பட்டம் இருப்பவருக்கு, ப்ராஜெக்ட்டை வழிநடத்திய அனுபவம் 36 மாதமும், 35 மணி நேரப் பயிற்சியும் வேண்டும். மேனேஜர் என்ற பதவிப் பெயர் கட்டாயமில்லை; வழிநடத்தியிருக்க வேண்டும். வெறுமனே டெஸ்ட் கேஸ் ஓட்டிய மாதங்கள் சேராது.

ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் தொடங்கிய, முடிந்த மாதம், நீங்கள் பொறுப்பெடுத்தது, மேலதிகாரி பெயர் ஆகியவற்றை இன்றிலிருந்தே குறித்து வையுங்கள். சில விண்ணப்பங்களைத் தணிக்கைக்கு எடுப்பார்கள். வேலை மாறிப்போன பழைய மேலாளரை அப்போது தேடிப் பிடிப்பது பெரும்பாடு. அனுபவம் போதாவிட்டால் 23 மணி நேரப் பயிற்சியோடு, தொடக்கநிலைச் சான்றிதழான சி.ஏ.பி.எம். தேர்வை எழுதலாம்.

சான்றிதழ் உங்கள் ரெஸ்யூமேயை மேலே எடுத்து வைக்கும், அவ்வளவுதான். நேர்காணலில் கேட்பது, தேதி தள்ளிப்போனபோது என்ன செய்தீர்கள் என்பதை. அடுத்த ரிலீஸில் பக் வரிசைப்படுத்தும் கூட்டத்தை நடத்தும் பொறுப்பை உங்கள் லீடிடம் கேட்டு வாங்குங்கள்.