கடல்நீரைச் சோதித்தாலே போதாதா? சிப்பியை வைத்து ஏன் மாசு அளக்கிறார்கள்?

மாணவராகத்தான் இருப்பீர்கள். இந்தக் கேள்வியால் யாரோ உங்களை மடக்கியிருக்க வேண்டும். என்னையும் மடக்கப் பார்த்தார்கள்.

மலேசியாவின் பினாங்குப் பெருநிலத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் 19 ஆண்டுகள் உதவியாளராக இருந்தேன். பட்டம் பெற்றவன் அல்லன். ஆனால் முழங்கால் சேற்றில் நின்று கெராங் எனும் சேற்றுச் சிப்பி பொறுக்கியவன். அங்குள்ள பிறை எனும் ஊரின் தொழிற்பேட்டைக் கழிவால் 1970களில் கோலா ஜூரு மீனவர்களின் பிழைப்பு கெட்ட கதையைக் கேட்டு வளர்ந்தவன்.

ஒருமுறை ஒரே இடத்தில் நீரும் கெராங்கும் எடுத்தோம். நீரில் ஈயம் கருவிக்கு எட்டும் அளவில் இல்லை. கெராங் சதையில் நன்றாகத் தெரிந்தது. கூட்டத்தில் ஆலைத் தரப்பு அதிகாரி, "தண்ணீர் சுத்தம் என்று உங்கள் தாளே சொல்கிறது, பிறகு எதற்குச் சிப்பி?" என்றார். பெரியவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. பின்வரிசையிலிருந்து நான் எழுந்து மலாயில் சொன்னேன்: "துவான் (ஐயா), நாங்கள் அள்ளியது காலை பத்து மணி நீர். அலை திரும்பினால் அது வேறு நீர். கெராங் அந்தச் சேற்றை விட்டுப் போவதில்லை. நீரை வடிகட்டித் தின்கிறது. இரவில் கலந்ததும் போன மாதம் கலந்ததும் அதன் சதையில் சேர்ந்திருக்கும்." அவர் உட்கார்ந்துவிட்டார்.

இது நான் கண்டுபிடித்ததல்ல. உலகக் கடற்கரைகளைச் சிப்பிகளைக் கொண்டு கண்காணிக்கலாம் என்று அமெரிக்க விஞ்ஞானி எட்வர்ட் கோல்ட்பர்க் 1975-இலேயே எழுதினார். நம் கடலில் அதற்குக் குப்பாங் எனும் பச்சைச் சிப்பியும் உண்டு. கெராங் சேற்றின் நிலையைக் காட்டும். கயிற்றில் தொங்கும் குப்பாங் நீரின் நிலையைக் காட்டும்.

சிப்பி எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று நான் சொல்லவில்லை, அதற்காகச் சண்டைக்கு வராதீர்கள். துத்தநாகத்தைக் குப்பாங் ஓரளவு தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். முட்டையிடும் பருவத்தில் சதையிலுள்ள உலோக அளவு மாறும். அதனால்தான் ஒரே நீளமுள்ளவற்றைத் தேர்ந்து, குடலில் உள்ள சேறு கழியும்வரை சுத்தமான கடல்நீரில் வைத்திருப்போம். எஃகுக் கத்தி சதையில் பட விடமாட்டோம். கத்தியின் உலோகமே கணக்கில் ஏறிவிடும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆய்வின் அறிக்கை அச்சாகி வந்தபோது நன்றியுரையில் ஏழு பெயர்கள் இருந்தன. படகோட்டிய பாக் சிக் பெயர் இல்லை. என் பெயரும் இல்லை. கெராங் ஓடு கிழித்த தழும்பு இன்னும் என் உள்ளங்காலில் இருக்கிறது.