சாம்பல், கருங்கல், உரம்: இயற்கைக் கதிரியக்கம் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த கல்லால் வீடு கட்டலாமா? (திருமங்கலம்)

பதில்: கட்டலாம். நிலக்கரியில் யுரேனியம், தோரியம் என்ற கதிரியக்கத் தனிமங்கள் சிறிதளவு உண்டு; கரி எரிந்துபோனபின் அவை சாம்பலில் தங்கி, நம் நாட்டு நிலக்கரியைப் பொறுத்தவரை ஏறத்தாழ 3 மடங்கு செறிகின்றன. அப்படியும் அந்த அளவு நம் பக்கத்துக் கருங்கல்லின் அளவை ஒட்டியே இருக்கும். சன்னல்களைத் திறந்து வையுங்கள். அந்தத் தனிமங்கள் சிதைவதால் உண்டாகும் கதிரியக்க ரேடான் வாயு வெளியேற அதுவே வழி.

கேள்வி: கதிர்வீச்சு அளக்கும் கருவியில் 0.18 காட்டுகிறது. ஆபத்தா? (அவனியாபுரம்)

பதில்: எந்த அலகில்? அலகு எழுதாத எண்ணுக்கு விடை சொல்ல முடியாது என்று பலமுறை எழுதிவிட்டேன். மணிக்கு மைக்ரோசீவர்ட் (சீவர்ட் என்பது உடல் பெறும் கதிர்வீச்சின் அலகு; ஆயிரம் மைக்ரோசீவர்ட் ஒரு மில்லிசீவர்ட்) என்று கொண்டால், ஆண்டுக்கு ஒன்றரை மில்லிசீவர்ட்டுக்குச் சற்று மேல் வரும். பாறை நிலத்தில் அது இயல்பான அளவே.

கேள்வி: சமையல் மேடையில் கிரானைட் பதித்தோம். குழந்தைகளுக்குக் கதிர்வீச்சுப் பாதிப்பு வருமா? (கே.கே.நகர்)

பதில்: வராது. உலகில் ஒருவர் இயற்கையிலிருந்து ஆண்டுக்குச் சராசரியாகப் பெறுவது 2.4 மில்லிசீவர்ட், அதில் ஏறத்தாழப் பாதி மூச்சோடு போகும் ரேடானால் வருகிறது. மேடைக்கல் அதனுடன் சேர்ப்பது மிகச் சொற்பம். இதே கேள்வி ஓயாமல் வருகிறது. ஆனால் அந்தக் கல்லை மேலூர்ப் பக்கத்துப் பட்டறையில் அறுத்து மெருகேற்றிய தொழிலாளியைப் பற்றி இதுவரை ஒரு கடிதமும் வந்ததில்லை என்பது எனக்குப் பெரும் வருத்தம். கிரானைட்டில் பெரும்பாலும் கால் பங்கு அளவுக்குப் படிகச் சிலிக்கா இருக்கிறது. உலர்வாக அறுக்கும்போது கிளம்பும் நுண்தூசி நுரையீரலில் படிந்து உண்டாக்கும் சிலிக்கோசிஸ் நோய்க்குக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. அதே தூசியிலுள்ள யுரேனியம் அதன்முன் ஒரு பொருட்டே அல்ல. உங்கள் வீட்டில் பாத்திரத் தொட்டிக்கு இடம் வெட்ட வந்தவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுத்தாரா, வாயில் துணியை மட்டும் கட்டியிருந்தாரா என்று பார்த்தீர்களா? துணி போதாது. அடுத்த முறை தண்ணீருக்கு ஒரு குழாயும் தூசி வடிக்கும் முகக்கவசமும் கொடுத்து, குழந்தைகளை வெளியே அனுப்புங்கள்.

கேள்வி: சூப்பர் பாஸ்பேட் உரத்தால் வயலில் கதிரியக்கம் ஏறுமா? (சோழவந்தான்)

பதில்: பாஸ்பேட் பாறையில் யுரேனியம் உண்டு, ஆகவே ஒரு மூட்டை உரத்தில் சில கிராம் இருக்கலாம். ஆனால் ஓர் ஏக்கரின் மேல் அரையடி மண்ணிலேயே இயல்பாக ஏறத்தாழ 2 கிலோ இருக்கிறது. மூட்டைகளைப் படுக்கையறையில் அடுக்காதீர்கள்; கொட்டும்போது தூசியை மூச்சில் இழுக்காதீர்கள்.

கேள்வி: பழைய பெட்ரோமாக்ஸ் மேண்டில்களை என்ன செய்வது? (உசிலம்பட்டி)

பதில்: பழையவற்றில் தோரியம் இருக்கும். உறையோடு மூடி வையுங்கள். உடைந்த சாம்பலை ஈரத்துணியால் துடையுங்கள், ஊதாதீர்கள்.