இரண்டு புள்ளி தந்தால் நேர்கோட்டின் சமன்பாடு ஏன் பிழைக்கிறது?

தங்கச்சி, சாதாரண தரம் எழுதப்போகும் உங்கட மகளுக்குச் சூத்திரம் தண்ணி பட்ட பாடு, ஆனால் இரண்டு புள்ளி தந்தால் சமன்பாடு பிழைக்கிறது என்று கல்முனையிலிருந்து கேட்டிருக்கிறீங்க. கொப்பியைப் பாருங்க, அநேகமாக சய (−) அடையாளத்தில்தான் வழுக்கியிருப்பா. (எழுத்துகளை எக்ஸ், வை என்றே தட்டுகிறேன், வாத்திமார் கோவிக்க வேண்டாம்.)

(−2, 7), (4, −5) என்ற புள்ளிகளை எடுங்க. தொகுதியில் (பின்னத்தின் மேலே) வை வித்தியாசம்: −5 − 7 = −12. பகுதியில் (கீழே) எக்ஸ் வித்தியாசம்: 4 − (−2) = 6. மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகுத்தால் படித்திறன், அதாவது கோட்டின் சாய்வு, −2. அந்த அடைப்பைப் போடாத பிள்ளை 4 − 2 = 2 என்று எழுதி, −6 எடுத்துவிடும். மேலே ஒரு புள்ளியில் தொடங்கி, கீழே மற்றதில் தொடங்கினால் அடையாளம் புரண்டு +2 வரும். எதில் தொடங்கினாலும் குற்றமில்லை, மேலேயும் கீழேயும் ஒரே புள்ளியில் தொடங்க வேணும்.

இனி வை = −2எக்ஸ் + சி (சி என்பது வெட்டுத்துண்டு, கோடு வை அச்சை வெட்டும் இடம்) என்பதில் (−2, 7) ஐப் பிரதியிட்டால் 7 = 4 + சி, ஆகவே சி = 3. வாய்ப்புப் பார்க்க மற்றப் புள்ளியைப் போடுங்க: −2 × 4 + 3 = −5, சரி. படித்திறன் −6 என்று பிழைத்திருந்தால் சி = −5 ஆகி, இங்கே −29 வந்து காட்டிக்கொடுக்கும். பிரதியிட்ட அதே புள்ளியைத் திரும்பப் போட்டால் பிழையான விடையும் சரி என்றே வரும். கனபேர் ஏமாறுவது அங்கேதான்.

இரண்டு புள்ளியிலும் எக்ஸ் ஒரே எண் என்றால் பகுதி பூச்சியம். படித்திறன் தேடவேண்டாம், எக்ஸ் = 4 என்பதுபோல எழுதினால் போதும். 2எக்ஸ் + 3வை = 12 இன் படித்திறன் 2 அல்ல. வையைத் தனியாக்கினால் −2/3, வெட்டுத்துண்டு 4.

சில டியூட்டுகளில் (டியூஷன் வகுப்புக் குறிப்புகளில்) 'சி என்றால் தொடக்கக் கட்டணம்' என்று ஒரு வரி ஓடும். அதுதான் எனக்கு ஆத்திரம். ஓட்டோவுக்கு முதல் கிலோமீற்றருக்கு 100 ரூபா, பிறகு ஒவ்வொன்றுக்கும் 80 என்று வைப்போம் (பேச்சுக்குத்தான், ஓட்டோக்காரர் சண்டைக்கு வராதீங்க). கட்டணம் 100 + 80(எக்ஸ் − 1), அதாவது 80எக்ஸ் + 20. வெட்டுத்துண்டு 20, 100 இல்லை! கோடும் ஒரு கிலோமீற்றரிலிருந்துதான் செல்லும்.

வரைபுத் தாளிலும் கவனம். எக்ஸ் அச்சில் பத்துச் சிறுசதுரம் 1 அலகு, வை அச்சில் 2 அலகு என்றால், சதுரம் எண்ணிப் பெறும் படித்திறன் உண்மையான படித்திறனில் பாதிதான். அச்சில் உள்ள எண்ணை வாசிக்கச் சொல்லுங்க.